கூண்டிலிருக்கும் உயிரும் நம் அனுவிரதமும்

 

இல்லறத்தாராகிய நமக்கு அருகப் பெருமான் அருளிய ஐந்து அனுவிரதங்களுள் தலையாயது கொல்லாமை. நாம் புலால் உண்பதில்லை, தேனைத் தீண்டுவதில்லை, நீரை வடிகட்டியே பருகுகிறோம், கதிரவன் மறைந்தபின் உண்பதைத் தவிர்க்கிறோம். ஆதலின் இவ்விரதம் நம் இல்லங்களில் குறைவற நிறைவேறி வருவதாக நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு சிறு விலங்கு. அதனை மறைக்காமல் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், எம் பேத்தியின் பிறந்த நாளுக்கென விலங்குகள் விற்கும் கடையொன்றிலிருந்து கினிப் பன்றி ஒன்றை வாங்கி வந்தோம். சீமைப் பெருச்சாளி என்று கூறுவாரும் உளர். ஒரு கையகல உடல், குட்டை வால்கூட இல்லாத உருண்டை வடிவம், அஞ்சிய கண்கள். கம்பிக் கூண்டில் இட்டுத் திண்ணையோரம் வைத்தோம். சோறு, இட்லி, ரொட்டித் துண்டு என நாம் உண்பதில் மிஞ்சியதை அதற்கும் இட்டோம். இரவில் உண்ணாத இல்லத்தில் இதுவும் உண்ணாதிருக்கட்டும் எனப் பொழுது சாய்ந்ததும் உணவுக் கிண்ணத்தை எடுத்துவிடுவோம். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பசுங்காய், கீரை தவிர்ப்பது எம் இல்லத்து வழக்கம். அந்நாள்களில் அதற்கும் பச்சிலை கிடையாது. "எங்கள் வீட்டு விலங்கும் விரதம் காக்கிறது" என்று வந்தோரிடம் பெருமை பேசியதும் உண்டு.

சில திங்கள் கழிந்தன. அது ஓடுவதை விட்டது. மயிர் பொலிவிழந்தது. கால் மூட்டுகள் வீங்கின. தூக்கினால் வலியால் கீச்சிட்டது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவர் முதலில் கேட்டது, "என்ன உண்ணக் கொடுக்கிறீர்கள்?" என்பதே. யாம் சொல்லியதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், உயிர்ச்சத்து 'சி' இல்லாமையால் வரும் நோய் இது என்றும், காலம் கடந்துவிட்டது என்றும் கூறினார். மூன்றாம் நாள் வைகறையில் அது இறந்தது. உயிர் பிரியும்போது அதன் செவியில் பஞ்ச நமஸ்காரம் ஓதினோம். அடிபட்டு உயிர் ஊசலாடிய நாய்க்குச் சீவகன் அம்மந்திரத்தை ஓத, அது தேவனாகப் பிறந்த வரலாற்றைச் சிந்தாமணியில் கற்றவர்களல்லவா நாம்! ஆனால் அந்நாயைத் துன்புறுத்தியவன் சீவகன் அல்லன். இங்கோ, துன்பம் செய்தவரும் யாமே, மந்திரம் ஓதியவரும் யாமே.

அன்று மாலை எம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, நாம எதையும் கொல்ல மாட்டோமே. அப்புறம் இது ஏன் செத்துப் போச்சு?"

அக்குழந்தைக்கு அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. ஆகமங்களைப் புரட்டிப் பார்த்தபோது விடை முன்னரே கூறப்பட்டிருந்தது.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிரைப் போக்குவதை மட்டும் கூறி அமையவில்லை. அதற்கு அடியாக உள்ள பிரமாதத்தை முன்வைத்துக் கூறுகிறார். இன்று நாம் ஒன்றைப் புகழ்வதற்குப் 'பிரமாதம்' என்கிறோம். ஆகம வழக்கிலோ அச்சொல்லின் பொருள் அசட்டை, விழிப்பின்மை என்பதாம். அமிர்தசந்திர ஆசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை மேலும் விரித்து, விழிப்போடு ஒழுகுவானிடத்துத் தற்செயலாக ஓருயிர் மடியினும் அவன் ஹிம்சகன் ஆகான் என்றும், அசட்டையாக ஒழுகுவான் உயிர் மடியினும் மடியாவிடினும் ஹிம்சகனே என்றும் தெளிவுறுத்துகிறார். எம் இல்லத்தில் கொலை எண்ணம் இல்லை. அன்பும் இருந்தது. இல்லாதது விழிப்பு ஒன்றே. அறியாமல் செய்தோம் என்பது உண்மைதான். ஆனால் அறிந்துகொள்ள ஒரு நாளும் முயலவில்லை என்பதும் உண்மை.

கொல்லாமை அனுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அஃதாவது வழுக்கள், கூறப்பட்டுள்ளன. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. மாடு கட்டி உழுத நம் முன்னோர் இவற்றைத் தம் தொழுவத்தோடு பொருத்திப் பார்த்தனர். இன்று தொழுவங்கள் குறைந்தன. நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் கூண்டுகள் வந்துள்ளன. ஆதலின் அவ்வைந்தையும் கூண்டோடு பொருத்திப் பார்த்தல் நம் கடமை.

முதலாவது, பந்தம் என்னும் கட்டிவைத்தல். கூண்டு என்பதே பந்தம். இதில் மயக்கம் வேண்டா. அவ்வாறாயின் திறந்துவிடலாமா எனின், அதுவும் ஆகாது. இவ்விலங்கு தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைநாட்டில், இன்றைய பெரு, பொலிவியா முதலிய பகுதிகளில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காக மனிதரால் பழக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் கடல் வழியே ஐரோப்பா சென்றது. பெயரில் பன்றி இருப்பினும் இது பன்றி அன்று. கினி நாட்டதும் அன்று. எலி, அணில் முதலிய கொறிவிலங்குகளின் பெருங்குடும்பத்தைச் சார்ந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதன் கையில் வளர்ந்த இதனை நம் தெருவில் விட்டால் காகமும் பூனையும் நாயும் ஒரு பொழுதில் முடித்துவிடும். விடுவித்தேன் என்று கூறிக்கொள்வது பழியை வேறொன்றின் வாயில் இடுவதே.

ஆகவே பந்தம் நீங்காது. அதன் கொடுமையை நீக்கலாம். இரண்டு விலங்குகளுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் குறைந்த அளவு எனக் கொள்க. கம்பித் தளம் அவற்றின் மென்மையான உள்ளங்காலைப் புண்ணாக்கும். ஆதலின் தட்டையான தளமிட்டுப் பருத்தித் துணியோ மையற்ற தாளோ விரித்து, நாள்தோறும் மாற்றுக. ஈரமும் அழுக்கும் தேங்கினால் நுண்ணுயிர்கள் தோன்றி மடியும் என்பது நாம் அறிந்ததே. ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் இன்றியமையாதது. பிற விலங்குக்கு இரையாகும் இனமாதலின், ஒளிய இடமின்றேல் அதன் நெஞ்சு ஓயாமல் அஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு பழைய மண்பானையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாலே போதும். கோடையில் குளிர்ச்சியும் தரும். 27 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறும்போதே இவை துன்புறத் தொடங்கும். ஆண்டீசின் குளிர்ந்த மேட்டுநிலத்து உயிரை நம் கத்திரி வெயிலில் திண்ணையில் வைத்தது எம் பிழைகளுள் ஒன்று.

இதனினும் பெரிய பிழை, ஒன்றைத் தனியே வைத்தது. இவை கூட்டமாக வாழும் இயல்பின. உணவு வரும் ஓசை கேட்டால் உரக்கக் கூவும். துணையோடு மெல்ல முணுமுணுக்கும். சினந்தால் பல்லை நெறுநெறுக்கும். களித்தால் நின்ற இடத்திலேயே துள்ளிக் குதிக்கும். இவ்வளவு மொழி உடையதைப் பேசுதற்கு ஒருவரின்றித் தனியே அடைத்தோம். சுவிட்சர்லாந்து நாட்டில் 2008ஆம் ஆண்டு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், இவற்றைத் துணையின்றித் தனியே வளர்த்தல் கூடாது எனக் கூறுகின்றன. அருகன் அறத்தை அறியாத நாட்டார் சட்டத்தில் எழுதியதை, அறம் கற்ற யாம் எண்ணாதிருந்தோம். சீவகன் பெற்றோரையும் சுற்றத்தையும் பிரிந்து வளர நேர்ந்தது எதனால்? முற்பிறவியில் அரச குமாரனாக இருந்தபோது, அன்னக் குஞ்சு ஒன்றை அதன் சுற்றத்தினின்று பிரித்து, இல்லத்தார் விளையாட்டுக்கென வளர்த்ததனால் என்று திருத்தக்கதேவர் கூறுகிறார். அவனும் அதனைக் கொல்லவில்லை. பாலூட்டிப் போற்றியே வளர்த்தான். பிரித்ததே வினையாயிற்று.

இரண்டாவது, வதம் என்னும் அடித்தல். நம் பிள்ளைகள் எவரும் இதனை அடிப்பதில்லை. ஆயினும் வாலிபர் பந்தாடுவது போல் கைமாற்றி விளையாடுவதும், இறுகப் பிடிப்பதும், உயரத்திலிருந்து நழுவவிடுவதும் அடித்தலோடு ஒக்கும். சிறு வீழ்ச்சியிலும் இதன் எலும்பு முறியும். ஒரு கை மார்பின் கீழும் ஒரு கை பின்பகுதியின் கீழும் தாங்கி, தரையில் அமர்ந்த நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குக. அசையாமல் உறைந்து நிற்பதைக் கண்டு 'சாதுவாக இருக்கிறது' என மகிழ வேண்டா; பேரச்சத்தில் இவ்வினம் அவ்வாறே நிற்கும். தீபாவளி, வர்த்தமான பெருமான் நிர்வாணம் எய்திய புனித நாள். அந்நாளில் நாம் வெடிக்கும் வெடி ஒவ்வொன்றும் இத்தகைய உயிர்களின் நெஞ்சிலே வெடிக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, சேதம் என்னும் உறுப்பறுத்தல். இங்கு ஓர் ஐயம் எழலாம். இதன் நகங்கள் வளர்ந்து வளைந்து காலைக் குத்தும். அவற்றை நறுக்குவது சேதமாகுமா? ஆகாது. நம் இன்பத்திற்காக அறுத்தலே விலக்கப்பட்டது. அதன் துன்பம் நீங்க நகத்தின் நுனியை மட்டும், உள்ளோடும் குருதிக் குழாய் படாமல் நறுக்குதல் தொண்டாகும். பற்களும் அத்தகையனவே. இதன் பற்கள் அனைத்தும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை ஓயாது மெல்லுவதாலேயே அவை தேய்ந்து அளவில் நிற்கும். மென்மையான சோற்றையே இட்டால் பல் நீண்டு, வாயைக் குத்தி, உண்ண முடியாமற் செய்யும். கத்தி எடாமலே செய்த சேதம் அது.

நான்காவது, அதிபாரம் என்னும் மிகைப்பாரம் ஏற்றுதல். ஆணையும் பெண்ணையும் ஒருங்கே விட்டுக் குட்டி ஈனுவதைக் கண்டு மகிழ்வோர் உளர். பெண் சில வாரங்களிலேயே கருத்தரிக்கும் பருவம் எய்தும். இரண்டு திங்களுக்குச் சற்று மேல் சுமந்து, மயிர் மூடிய, கண் திறந்த, தாயுடலோடு ஒப்பிடப் பெரிய குட்டிகளை ஈனும். ஏழெட்டுத் திங்கள் கடந்து முதன்முறை கருவுறும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிட்டிருந்தால் ஈனுதல் இயலாது. தாயும் குட்டியும் மடிவதுண்டு. நம் வேடிக்கைக்காக ஓருயிர்மேல் இப்பாரம் ஏற்றலாமா? பிறந்த குட்டிகளை விற்றல் உயிர் வாணிகம். சாவகர்க்கு அது தகாது. எனவே இரண்டு பெண்களையோ, இளமையிலிருந்தே ஒருங்கு வளர்ந்த இரண்டு ஆண்களையோ சேர்த்து வைப்பதே முறை.

ஐந்தாவது, அன்னபான நிரோதம் என்னும் உணவும் நீரும் தடுத்தல். யாம் வீழ்ந்த குழி இதுவே. பசு, முயல், எலி முதலியன உயிர்ச்சத்து 'சி'யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனாலும் இச்சிறு விலங்காலும் அஃது இயலாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். உடலில் சேமித்து வைக்கவும் முடியாது. நாள்தோறும் வேண்டும். கொத்தமல்லித் தழை, குடைமிளகாய்த் துண்டு, சிறிதளவு நெல்லிக்காய் ஆகியவை அச்சத்தைத் தருவன. நீரில் கலந்து வைத்தால் அச்சத்து விரைவில் அழிந்துவிடும். கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்திலும் நாள்பட நாள்பட அது குன்றும். முதன்மை உணவு புல்லே. மருந்து தெளிக்காத இடத்து அறுகம்புல்லும் நன்கு உலர்ந்த புல்லும் எந்நேரமும் முன்னே கிடக்க வேண்டும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இவற்றுக்கும் ஆகா. தூய நீர் நாள்தோறும் மாற்றப்பட வேண்டும்.

இனி, யாம் பெருமையாகப் பேசிய இரவுண்ணாமையைப் பற்றி. இவ்விலங்கின் குடல் ஓயாது இயங்க வேண்டிய அமைப்புடையது. பகலும் இரவும் சிறிது சிறிதாக உண்டுகொண்டே இருக்கும். ஒரு நாள் முழுதும் உணவின்றி இருப்பின் உயிருக்கே ஊறு நேரும். விரதம் என்பது அறிந்து, விரும்பி, தன் ஆற்றலுக்கு ஏற்பத் தானே ஏற்பது. விலங்குகதியிலும் அறவுரை கேட்டு விரதம் ஏற்ற உயிர்கள் உண்டு. வர்த்தமானரே முற்பிறவி ஒன்றில் சிங்கமாகப் பிறந்து, சாரண முனிவரின் அறவுரையால் தெளிந்து நோன்பு ஏற்றார். ஆனால் அச்சிங்கத்தின் முன்னிருந்த இரையை எவரும் பறித்து வைக்கவில்லை. பிறர்மீது சுமத்திய பட்டினி விரதம் அன்று. யாம் காத்தது எம் பெருமையை; தடுத்தது அதன் உணவை.

"புல்லும் ஓரறிவுயிர் அன்றோ? ஐந்தறிவு உயிரைக் காக்க ஓரறிவுயிரை அறுக்கலாமா?" என்று நம் இளைஞர் வினவக்கூடும். நல்ல வினாவே. இல்லறத்தாரால் ஓரறிவுயிர்க்கு நேரும் ஊறு முற்றும் தவிர்க்க இயலாதது. வேண்டிய அளவே கொய்தல், வேரோடு பறியாமை, வாடி வீணாகும்படி குவியாமை என்னும் விழிப்போடு செய்வதே நமக்குரிய வழி. நாம் உண்ணும் கீரைக்கு ஒரு நீதியும் அது உண்ணும் புல்லுக்கு வேறொரு நீதியும் இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இவ்விலங்கு நோயை மறைக்கும் இயல்புடையது. உண்ணாமை, புழுக்கை குறைதல், ஒடுங்கிக் கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவரை நாடுக. நம் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கரைத்து ஊட்ட வேண்டா. பெனிசிலின், அமாக்சிசிலின் போன்ற, மனிதர்க்கு நலம் தரும் மருந்துகளே இதன் குடலைக் கெடுத்து உயிரைப் போக்கும்.

அன்பர்களே, இச்சிற்றுயிருக்கு நாம் பட்ட கடன் ஒன்றும் உண்டு. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்த இராபர்ட் கோக்கின் ஆய்வில் மடிந்தவை இவை. 1907இல் நார்வே நாட்டு அறிஞர்களான ஓல்சுட்டும் புரோலிக்கும் இவற்றுக்குத் தானியம் மட்டும் இட்டு, மனிதர்க்கு வரும் அதே பல்லீறு நோய் இவற்றுக்கும் வருவதைக் கண்டனர். உயிர்ச்சத்து 'சி'யைப் பற்றிய அறிவு வளர அஃது அடிப்படையாயிற்று. அன்று ஆய்வுக்கூடத்தில் அறிந்தே செய்ததை, நூறாண்டுக்குப் பின் எம் திண்ணையில் யாம் அறியாமலே செய்து முடித்தோம்.

கட்டியிருந்த விலங்குகளின் கதறல் கேட்டுத் தம் திருமணத்தையே துறந்தவர் நேமிநாத பெருமான். திருமலையில் அவர் பேருருவின் முன் நின்று வணங்குகிறோம். அவர் அடைத்தவர் அல்லர். கட்டச் சொன்னவரும் அல்லர். தம் பொருட்டு அவை அடைக்கப்பட்டன என்பதொன்றே அவருக்குப் போதியதாயிற்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே எனக் கற்ற நாம், நம் பிள்ளைகளின் பொருட்டுக் கடையில் அடைபட்டிருக்கும் உயிர்களைக் காணும்போது எங்ஙனம் விலை கேட்பது? வாங்குவார் உளர் என்பதனாலேயே விற்பார் உளர். புலாலுக்கு வள்ளுவப் பெருந்தகை கூறிய நியாயம் இதற்கும் பொருந்தும்.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு எம் வேண்டுகோள் இவை. உயிரைப் பரிசாக வாங்காதீர்கள். இல்லத்தில் முன்னரே இருப்பின் தெருவில் விடாதீர்கள். அது வாழும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கும் பொறுப்பேற்றுக் காத்திடுங்கள். பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைத்து ஒதுங்காதீர்கள். குழந்தை உதவட்டும், பெரியவர் காக்கட்டும். காக்க இயலாதாயின், இயன்றவரிடம் சேர்ப்பியுங்கள். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டமும், அசைய இடமில்லாக் கூண்டில் விலங்கை அடைத்தலைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டத்திற்கு அஞ்சி அன்று, வினைக்கு அஞ்சியே இதைச் செய்ய வேண்டும்.

சென்ற ஆண்டு, அயலூருக்கு மாற்றலாகிச் சென்ற ஒரு குடும்பத்தார் தம்மிடமிருந்த இரண்டு பெண் கினிப் பன்றிகளை என்ன செய்வதென்று அறியாது திகைத்தனர். எம் பேத்தி எம் முகத்தை நோக்கினாள். யாம் சற்றுத் தயங்கினோம்; பின்னர் ஏற்றுக்கொண்டோம். இன்று அவை எம் இல்லத்தின் குளிர்ந்த அறையில் உள்ளன. மாலையில் எம் உணவு முடிந்தபின், அவற்றின் முன் இரவுக்கான புல்லை நிறைத்து வைப்பது எம் வேலை. கதிரவன் மறைந்தபின் நம் வாய் மூடியிருக்க, அவை கறுக்கு மறுக்கென மெல்லும் ஓசை கேட்கும். அவ்வோசையைக் கேட்டவாறே அன்றாடப் பிரதிக்கிரமணம் செய்கிறோம். இறந்துபோன அந்த ஒன்றின்பால் செய்த பிழையை அதில் நாள்தோறும் நினைந்து பொறுத்தருள வேண்டுகிறோம்.

எல்லா உயிர்களும் இன்புறுக. அருகன் அறம் ஓங்குக.